இடுப்புக்கு மேலே எழுந்த கால்

1993 நவம்பர் 12. அமெரிக்காவின் டென்வர் நகரில் மெக்நிக்கல்ஸ் அரங்கம். கம்பிவலை கட்டிய எண்கோணக் கூண்டுக்குள் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் ஹவாயைச் சேர்ந்த சுமோ மல்லர் டெய்லா டூலி. எடை 180 கிலோவுக்கு மேல். எதிரே நின்றவர் நெதர்லாந்தின் ஜெரார்ட் கோர்டோ. ஆறரை அடியை நெருங்கும் உயரம், கராத்தேயும் பிரெஞ்சு உதைக்கலையான சவாத்தும் பழகியவர்.

மணி அடித்ததும் டூலி தலையைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்தார். கோர்டோ பின்வாங்கிக்கொண்டே குத்தினார். பாய்ந்த வேகத்தில் தடுமாறிய டூலி வலையோரம் விழுந்து, முட்டிபோட்டு எழப் பார்த்தார். அந்த நொடியில் கோர்டோவின் கால் அவர் முகத்தில் விழுந்தது. பல் ஒன்று பறந்து கூண்டுக்கு வெளியே போனது. 26 நொடியில் ஆட்டம் முடிந்தது. டூலியின் பல் துண்டுகள் கோர்டோவின் பாதத்தில் பதிந்து கிடந்தன. அந்தக் காலோடுதான் அவர் அன்றிரவு இறுதி ஆட்டம் வரை போனார்.

யூஎஃப்சி என்று இன்று உலகமே அறிந்த கலப்புச் சண்டைப் போட்டி, தொலைக்காட்சியில் காட்டிய முதல் ஆட்டம் அது. குத்துச்சண்டை, கராத்தே, சுமோ, ஜியுஜிட்சு எல்லாவற்றையும் ஒரே கூண்டில் விட்டால் எது தேறும் என்று பார்ப்பதற்காக நடத்தப்பட்ட போட்டி. பார்த்தவர்கள் மனதில் முதலில் பதிந்தது முகத்தில் விழுந்த ஓர் உதை.

ஆனால் அந்தக் காட்சியை நிதானமாகப் பார்த்தால் ஒன்று தெரியும். கோர்டோவின் கால் அவருடைய இடுப்பு உயரத்துக்குக்கூடப் போகவில்லை. டூலி முட்டிபோட்டிருந்தார். கால் தலைக்கு ஏறவில்லை, தலைதான் காலுக்கு இறங்கி வந்திருந்தது.

தலை உயர உதை பயன்படுமா, வெறும் அழகா என்ற வாக்குவாதம் உலகின் எல்லாப் பயிற்சிக்கூடங்களிலும் நடக்கிறது. டேக்வாண்டோ பழகியவர் ஒன்று சொல்வார், தாய்லாந்துக் குத்துச்சண்டை பழகியவர் வேறொன்று சொல்வார், குங்ஃபூ ஆசான் இருவரையும் மறுப்பார். இந்த மூவரின் கலைகளுக்கும் நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றைப் புரட்டினால், கால் எவ்வளவு உயரம் போகலாம் என்பதைத் தரையும், காலணியும், எதிராளி கையில் இருந்த ஆயுதமும், நடுவர் வைத்த விதியும் சேர்ந்து தீர்மானித்து வந்திருப்பது தெரியும்.

முதலில் உடல் கணக்கு. மனிதனின் ஒரு கால், மொத்த எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. ஒரு கை, இருபதில் ஒரு பங்கு. அறுபது கிலோ எடையுள்ள ஒருவரின் கால் பத்துக் கிலோ, கை மூன்று கிலோ. மூன்று மடங்கு கனமான ஒன்றைச் சுழற்றித் தாடையிலோ கழுத்திலோ இறக்கினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. தலை சட்டென்று திரும்பும், மண்டைக்குள் மூளை குலுங்கும், ஆள் நினைவிழந்து விழுவார்.

அதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் அதே அளவு பெரியது. உதைப்பவர் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். தரையில் ஊன்றிய பாதம் திரும்ப வேண்டும், இடுப்பு திறக்க வேண்டும், பாதம் தரையிலிருந்து தலை வரை போய்ச் சேர வேண்டும். மனித உடல் கொடுக்கக்கூடிய அடிகளிலேயே அதிக தூரம் பயணம் செய்வது இதுதான். எதிராளிக்குப் பார்க்கவும் விலகவும் அவகாசம் கிடைக்கும். கால் கையில் சிக்கினால் அடுத்த நொடி முதுகு தரையில். தொடையில் விழும் உதைக்கு இதில் பாதி தூரம் போதும். ஈரத் தரை, மணல், இறுக்கமான உடை, வழுக்கும் செருப்பு இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் கணக்கு இன்னும் மோசமாகும்.

காலணிக்கும் தரைக்கும் இருக்கும் இந்த உறவை அப்படியே எடுத்துக்காட்டும் இடம் பிரான்ஸ். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே இரண்டு உதைக்கலைகள் இருந்தன. பாரிஸ் தெருக்களில் புழங்கியது சவாத். அந்தச் சொல்லுக்குப் பொருள் தேய்ந்த பழைய செருப்பு. கனமான காலணி போட்ட காலால் எதிராளியின் கணைக்காலையும் முட்டியையும் குறிவைப்பது அதன் வழி. தெற்கே மார்செய் துறைமுகத்தில் மாலுமிகளிடம் இருந்தது ஷோசோன். அதற்குப் பொருள் மென்மையான உள்காலணி. அதில் கால்கள் உயரப் போயின. ஆடும் கப்பல் தளத்தில் விழாமலிருக்க ஒரு கையை ஊன்றிக்கொண்டு உதைக்கும் பழக்கம் அங்கிருந்தே வந்தது என்பது அந்தக் கலையில் வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம்.

1825இல் மிஷேல் காஸோ என்பவர் பாரிஸில் இந்தக் கலைக்குப் பயிற்சிக்கூடம் திறந்தார். கண்ணைத் தோண்டுவது, தலையால் முட்டுவது போன்ற தெருச் சண்டை வழக்கங்களை விலக்கினார். அடுத்து வந்த ஷார்ல் லெகூர் ஆங்கிலேயக் குத்துச்சண்டையைக் கற்று, பிரெஞ்சுக் கால்களோடு ஆங்கிலக் கைகளைச் சேர்த்தார். தெருவில் கணைக்காலை உடைத்துக்கொண்டிருந்த கலை, மேட்டுக்குடி இளைஞர்கள் காசு கொடுத்துப் பழகும் கலையானது. பளபளத்த மரத்தரையில், விதிகளுக்கு நடுவில், கால்கள் நெஞ்சுக்கும் முகத்துக்கும் ஏறின. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் அது காட்சி விளையாட்டாகவும் இடம்பெற்றது.

இன்றைய சவாத் போட்டியிலும் வீரர்கள் காலணி அணிகிறார்கள். பாதத்தால் மட்டுமே உதைக்கலாம், கணைக்காலால் அடிக்கக் கூடாது. தாழ்ந்த உதையும் தலை உயர உதையும் அதே ஆட்டத்தில் அடுத்தடுத்து வரும். பாரிஸ் தெருவும் மார்செய் துறைமுகமும் அதற்குள் சேர்ந்தே வாழ்கின்றன.

ஜப்பானில் நடந்ததும் ஏறக்குறைய இதே கதை. கராத்தே பிறந்தது ஒகினாவா தீவில். சான்சின், நைஹன்சி போன்ற அதன் பழைய பயிற்சி அசைவு வரிசைகளைப் பார்த்தால் பாதம் தரையைக் கவ்வி நிற்கும். கால் எழுந்தாலும் முட்டி, தொடை, அடிவயிறு என்ற எல்லைக்குள்தான் நிற்கும். நெருங்கி நின்று, ஆடையைப் பற்றி, அடித்து, தள்ளி விடுவதற்கான கலை அது. கைப்பிடி தூரத்தில் நிற்கும் ஆளின் தலைக்குக் காலைத் தூக்க அதில் இடமும் இல்லை, தேவையும் இல்லை.

1922இல் கிச்சின் ஃபுனாகோஷி அந்தக் கலையை டோக்கியோவுக்குக் கொண்டுவந்தார். பள்ளி ஆசிரியராக இருந்தவர் அவர். டோக்கியோவில் அவரிடம் வந்து சேர்ந்தவர்களில் பலர் பல்கலைக்கழக மாணவர்கள். இளம் உடல், துள்ளும் கால், ஒருவரையொருவர் எதிர்த்து ஆடிப் பார்க்கும் ஆசை. ஃபுனாகோஷியின் மகன் கிகோ, 1906இல் பிறந்து 1945இல் மறைந்தவர், நிலைகளைத் தாழ்த்தி அகலமாக்கினார், எதிராளியோடு நிற்கும் தூரத்தைக் கூட்டினார். சுழல் உதை, பக்கவாட்டு உதை, பின்னுதை ஆகியவை ஃபுனாகோஷி வழிவந்த ஷோட்டோகான் கராத்தேயில் இன்றைய வடிவம் பெற்றதற்கு அவர் பெயரே முதலில் சொல்லப்படுகிறது.

அந்த மாற்றத்தின் தடம் வரிசைகளிலேயே பதிந்திருக்கிறது. பினான் வரிசையில் நான்காவதைப் பழைய ஒகினாவா மரபுப் பள்ளிகள் செய்யும்போது குறிப்பிட்ட இடத்தில் முன்னுதை வரும். அதே வரிசையை ஹேயான் என்று பெயர் மாற்றிப் பழகும் ஷோட்டோகான் மாணவர், அதே இடத்தில் பக்கவாட்டில் காலை உயரத் தூக்குவார். தாத்தா முட்டி உயரத்தில் உதைத்த இடத்தில் பேரன் தோள் உயரத்தில் உதைக்கிறான்.

கொரியாவின் வழி வேறு. யூ சுக் என்ற ஓவியர் 1846இல் வரைந்ததாகச் சொல்லப்படும் ஓவியம் ஒன்று உண்டு. பெருங்கூட்டம் வட்டமாக உட்கார்ந்து பார்க்க, நடுவில் ஒரு ஜோடி மல்லுக்கட்டுகிறது. இன்னொரு ஜோடி கையை வீசிக் காலைத் தயார் செய்து நிற்கிறது. அந்த இரண்டாவது விளையாட்டு தெக்கியோன். நடனம்போல் முன்னும் பின்னும் அசைந்துகொண்டே, எதிராளியைக் காலால் தட்டி வீழ்த்த வேண்டும். அல்லது முகத்தில் பாதம் பட வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் வெற்றி. காயப்படுத்தும் விசை வேண்டியதில்லை, கால் போய்ச் சேர்ந்தால் போதும். தலைக்கு உதை அந்த விளையாட்டின் விதியிலேயே இருந்தது.

ஜப்பானிய ஆட்சியில் தெக்கியோன் ஏறக்குறைய அழிந்தது. 1893இல் பிறந்த சோங் தோக்கி என்ற ஒருவரின் நினைவிலும் உடலிலும் அது மிஞ்சியிருந்தது. அவர் தொண்ணூறு வயதை எட்டியபோது, 1983இல், கொரிய அரசு அதைக் காக்க வேண்டிய பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. 2011இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

இடைப்பட்ட காலத்தில் டேக்வாண்டோ எழுந்தது. ஜப்பானில் படிக்கும்போது ஷோட்டோகான் கராத்தே பழகிய இராணுவத் தளபதி சோய் ஹோங் ஹி முன்வைத்த அந்தப் பெயர் 1955இல் ஏற்கப்பட்டது. கைக்கு முதலிடம் கொடுத்த ஜப்பானியக் கலையிலிருந்து தங்கள் கலையை வேறுபடுத்திக் காட்ட நினைத்த கொரியர்கள் காலை முன்னால் வைத்தார்கள். சுதந்திரம் பெற்ற ஒரு நாடு தன் அடையாளத்தைத் தேடிய தேடலும் அந்த உயர உதைகளுக்குள் இருக்கிறது. 1973இல் சியோலில் முதல் உலகப் போட்டி. 1988 சியோல் ஒலிம்பிக்கில் காட்சி விளையாட்டு. 2000 சிட்னியில் முறையான பதக்க விளையாட்டு.

ஒலிம்பிக் விதி என்ன சொல்கிறது? இடுப்புக்குக் கீழே உதைக்கக் கூடாது. முகத்தில் குத்தக் கூடாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் உடலில் குத்துக்கு 1 புள்ளி, உடலில் உதைக்கு 2, தலையில் உதைக்கு 3, சுழன்று திரும்பித் தலையில் உதைத்தால் 5. முகத்துக்குக் குத்து வராது என்று தெரிந்த வீரரின் கைகள் தாமாகத் தாழ்ந்துவிடும். தாழ்ந்த கைகளுக்கு மேலே தலை திறந்து கிடக்கும். உயர உதைக்கு இதைவிட வளமான மண் கிடையாது. மின்னணுக் கவசமும் உணரி பொருத்திய காலுறையும் வந்த பிறகு, விசையைவிடத் தொடுகையே முக்கியமானது. முன்காலைக் கீழே வைக்காமலே அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு, அதே காலால் மறுபடி மறுபடி தலையைத் தேடும் ஆட்டம் பிறந்தது. தெக்கியோன் திடலில் பாதம் முகத்தைத் தொட்டால் போதும் என்ற பழைய விதி, மின்னணு வடிவில் திரும்பி வந்ததைப்போல.

சீனாவில் தெற்கே முஷ்டி, வடக்கே கால் என்றொரு பழமொழி உண்டு. பரந்த சமவெளியில் தாவி உதைப்பதும், படகும் வயல்வரப்பும் நிறைந்த தெற்கில் பாதம் ஊன்றிக் கையால் அடிப்பதும் இயல்பு என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். தெற்கத்தி விங் சுன் பள்ளியில் உதை இடுப்பைத் தாண்டுவது அரிது. அந்தப் பள்ளியில், இப் மானிடம் பழகியவர்தான் புரூஸ் லீ.

1972இல் வந்த ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரியிலும் 1973இல் வந்த என்டர் தி டிராகனிலும் அவர் காலைப் பார்த்துத்தான் உலகத்தின் பாதிப் பேர் சண்டை பழக ஓடினார்கள், சென்னைக் கொட்டகைகளில் விசிலடித்தவர்களையும் சேர்த்து. ஆனால் உண்மையான சண்டைக்கு லீ சொல்லிக்கொடுத்தது வேறு: எதிராளிக்கு மிக அருகில் இருக்கும் தன் முன்காலால், அவருக்கு மிக அருகில் இருக்கும் குறியான முட்டியையோ கணைக்காலையோ பக்கவாட்டில் இடிப்பது. தற்காப்புக்குத் தாழ்ந்த உதை, திரைக்கு உயர்ந்த உதை என்று இரண்டையும் அவர் பிரித்தே வைத்திருந்தார். உயர உதைகளை அவர் கூர்மையாக்கிக்கொண்டதில் அமெரிக்காவில் டேக்வாண்டோவைப் பரப்பிய ஜூன் ரீக்கும், கொரியாவில் விமானப்படை வீரராக இருந்தபோது தாங் சூ டோ பழகிய சக் நாரிஸுக்கும் பங்குண்டு. திரையில் அழகாக இருப்பது எது என்று தெரிந்த மனிதர், தெருவில் தேவைப்படுவது எது என்றும் தெரிந்து வைத்திருந்தார்.

தென்னிந்தியாவுக்கு வந்தால் இந்தப் பிரிவினை இன்னும் துலக்கமாகத் தெரியும். வடகேரளத்துக் களரி என்பது 42 அடி நீளம், 21 அடி அகலத்தில் நிலத்தைத் தோண்டித் தாழ்த்திய மண்தரை. விடியலில் எண்ணெய் தேய்த்த உடலோடு மாணவன் ஒரு முனையில் நிற்கிறான். கைகள் தலைக்கு மேல். களரி ஆசானான குருக்கள், வாய்த்தாரி எனும் வாய்மொழிக் கட்டளைகளைச் சொல்லத் தொடங்குகிறார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அசைவு. நேர்க்கால் என்றால் முட்டி மடங்காமல் கால் நேராக மேலெழுந்து, உயர்த்திய கையருகே போய்த் திரும்பும். ஊன்றிய காலின் குதி தரையை விட்டு எழும்பக் கூடாது. எழும்பினால் குருக்களின் கண் அங்கேதான் நிற்கும். வீத்துகால், கோண்கால், அகங்கால், புறங்கால் என்று திசை மாறி மாறிக் கால் சுழல்கிறது. மறுமுனை வரை போய்த் திரும்பும்போது மண்தரையில் வியர்வை சொட்டியிருக்கும்.

இந்தக் கால்கள் எழுவதற்காகவே உழிச்சில் என்ற தனி எண்ணெய்த் தேய்ப்பு உண்டு. மாணவன் தரையில் கிடப்பான். குருக்கள் மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பாதத்தால் இடுப்பிலும் தொடையிலும் எண்ணெயை அழுத்தித் தேய்ப்பார். உலகில் வேறெங்கும் காணும் தலை உயர உதைக்குச் சற்றும் குறையாத உயரத்துக்கு அந்தக் கால் போகும்.

ஆனால் அவன் கையில் வாளும் பரிசையும் வந்ததும் கால் கீழே வந்துவிடும். மேலே போன கால்கள் அவனுக்குக் கொடுத்தது இடுப்பின் இலகுவும் தாழ்ந்து பாய்ந்து எழும் வலுவும். ஆயுதப் பயிற்சியில் அவன் பயன்படுத்துவது அவற்றைத்தான். எதிரே கூரான இரும்பு இருக்கும்போது தொடையைத் திறந்து காட்டுபவன் அந்தக் காலோடு வீடு திரும்ப மாட்டான். ஆயுதம் புழங்கிய காலத்துக் கலைகளில் உதைகள் தாழ்ந்தே இருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்து அடிமுறையும் இதையே காட்டும். ஆசான்கள் ஒற்றைச்சுவட்டில் தொடங்கி, கால் வைக்கும் இடத்தையும் உடல் திரும்பும் கோணத்தையும் மாதக்கணக்கில் பழக்குவார்கள். அடியும் வெட்டும் வர்மத்தைக் குறிவைப்பவை. நெருங்கி நின்று, பூட்டி, ஓர் இடத்தில் தட்டி முடிக்கும் கலையில் காலின் வேலை பெரும்பாலும் எதிராளியின் நிலையைக் குலைப்பது. 2020இல் தனுஷ் நடித்த பட்டாஸ் படம் வந்தபோதுதான் அடிமுறை என்ற பெயரைத் தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களில் பலர் முதன்முறையாகக் கேட்டார்கள்.

ஒவ்வொரு கலையும் தன் தரையில், தன் விதிக்குள் இருந்தவரை வாக்குவாதத்துக்கு முடிவே இல்லை. 20ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அவை ஒன்றையொன்று சந்தித்தன.

1964 பிப்ரவரியில் ஜப்பானிலிருந்து கியோகுஷின் கராத்தே வீரர்கள் மூவர் பாங்காக்கின் லும்பினி அரங்கில் தாய்லாந்து வீரர்களோடு மோதினார்கள். மூன்றில் இரண்டு ஆட்டங்களை ஜப்பானியர்கள் வென்றார்கள். தோற்றவர் கென்ஜி குரோசாகி. முழங்கை அடியில் விழுந்தார். வரலாற்றை மாற்றியது அந்தத் தோல்விதான். தாய்லாந்துக் கலையை ஆராயத் தொடங்கிய குரோசாகி, டோக்கியோவில் மெஜிரோ பயிற்சிக்கூடத்தை உருவாக்கினார். அங்கே வந்து பழகிய டச்சுக்காரர்கள் 1978இல் ஆம்ஸ்டர்டாமில் அதே பெயரில் ஒரு கூடம் திறந்தார்கள். குத்துகளின் தொடர் முடிவில் தொடையில் கணைக்காலை இறக்கும் டச்சு பாணி அங்கிருந்துதான் கிளம்பியது.

1976 ஜூன் 26. டோக்கியோவின் நிப்பான் புடோகான் அரங்கில் உலகக் குத்துச்சண்டைச் சாம்பியன் முகமது அலியும் ஜப்பானிய மல்லர் அன்டோனியோ இனோகியும் மோதினார்கள். பதினைந்து சுற்றிலும் இனோகி பெரும்பாலும் தரையில் மல்லாந்து கிடந்தபடி அலியின் கால்களை உதைத்துக்கொண்டேயிருந்தார். ஆட்டம் சமநிலையில் முடிந்தது, பார்த்தவர்கள் கொதித்தார்கள். ஆனால் அலியின் கால்கள் வீங்கி, இரத்தம் கட்டி, அவர் மருத்துவமனையில் படுக்க வேண்டியிருந்தது. முட்டியைத் தாண்டாத உதைகள் உலகின் மிக வேகமான கால்களை அந்த நிலைக்குக் கொண்டுவந்தன.

அமெரிக்காவுக்கு அந்தப் பாடம் வந்துசேர்ந்தது 1988இல். அங்கே 1970களிலிருந்து நடந்துவந்த கிக்பாக்சிங்கில் இடுப்புக்கு மேலேதான் உதைக்கலாம். வெறும் குத்துச்சண்டையாகிவிடக் கூடாது என்பதற்காக, ஒரு சுற்றுக்குக் குறைந்தது எட்டு முறையாவது உதைத்தாக வேண்டும் என்று விதியே போட்டிருந்தார்கள். அந்த விதிக்குள் வளர்ந்த ரிக் ரூஃபஸ், லாஸ் வேகாஸில் தாய்லாந்தின் சாங்புவெக் கியாட்சோங்ரிட்டைச் சந்தித்தார். முழங்கை, முட்டி, கட்டிப்பிடிப்பு மூன்றையும் விலக்க தாய்லாந்துத் தரப்பு ஒப்புக்கொண்டது. தொடை உதைக்கு மட்டும் அனுமதி இருந்தது.

முதல் சுற்றில் ரூஃபஸ் சாங்புவெக்கின் தாடையை உடைத்தார், தரையில் தள்ளினார். அரங்கம் எழுந்து நின்றது. உடைந்த தாடையோடு எழுந்தவர் தன் கணைக்காலை ரூஃபஸின் தொடையில் இறக்கத் தொடங்கினார். இரண்டாவது சுற்றில் ரூஃபஸின் துள்ளல் குறைந்தது. அடுத்தடுத்த சுற்றுகளில் அவர் காலை இழுத்து இழுத்து வைத்தார். உயர உதைக்க வேண்டுமானால் ஒரு காலில் முழு எடையும் நிற்க வேண்டும். அந்தக் கால்தான் போய்விட்டதே. கடைசியில் நிற்கவே முடியாமல் விழுந்தவரைத் தூக்குப்படுக்கையில் வெளியே கொண்டுபோனார்கள்.

அந்த ஆட்டத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களில் ரூஃபஸின் தம்பி டியூக்கும் ஒருவர். அன்று தாய்லாந்து முறையில் நுட்பமே இல்லை என்று பேசியவர், பிறகு அதையே ஊன்றிக் கற்று, அமெரிக்காவின் முக்கியப் பயிற்சியாளர்களில் ஒருவரானார். அவரிடம் பழகிய அந்தோணி பெட்டிஸ், சிறுவயதிலிருந்தே டேக்வாண்டோக்காரர். 2010 டிசம்பரில் பட்டத்துக்கான ஆட்டத்தின் கடைசிச் சுற்றில் பெட்டிஸ் ஓடிப்போய்க் கூண்டின் வலையில் வலது பாதத்தை ஊன்றி, அங்கிருந்து எம்பி, அதே காலால் பென் ஹெண்டர்சனின் முகத்தில் உதைத்தார். அண்ணன் தொடை உதையில் விழுந்த வீட்டிலிருந்துதான் அந்த உதையும் வந்தது.

தாழ்ந்த உதைக்கு ஆபத்தே இல்லை என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. 2013 டிசம்பரில் ஆண்டர்சன் சில்வா வீசிய தாழ்ந்த உதையை கிறிஸ் வைட்மன் முட்டியைத் தூக்கித் தடுத்தார். சில்வாவின் கணைக்கால் எலும்பு இரண்டாக முறிந்து கால் தொங்கியது. 2021 ஏப்ரலில் அதே வைட்மன், தான் வீசிய முதல் தாழ்ந்த உதையிலேயே, அதேபோல் தன் காலை முறித்துக்கொண்டார். தொடைக்குப் போகும் வழி குறுகியதுதான். ஆனால் அந்த வழியில் எதிராளியின் முட்டி காத்திருக்கிறது.

1993க்குப் பிறகு, கூண்டுக்குள் மல்யுத்தமும் ஜியுஜிட்சுவும் ஆண்ட ஆண்டுகளில், தலை உயர உதை இனி எழாது என்றே பலர் நினைத்தார்கள். அந்த முதல் போட்டியையே, கோர்டோவைக் கழுத்து நெரித்து அடங்க வைத்து, வென்றவர் மெலிந்த உடலோடு வந்த ராய்ஸ் கிரேசி. காலைத் தூக்கினால் பிடித்துக் கீழே தள்ளிவிடுவார்கள் என்ற பயம் நியாயமானதுதான். அந்தப் பயத்தை உடைத்தவர்களில் முதன்மையானவர் குரோஷியாவின் மிர்கோ பிலிபோவிச். போலீஸ் அதிரடிப் படையில் இருந்ததால் குரோ காப் என்று பெயர். ஜப்பானில் நடந்த பிரைட் போட்டிகளில் அவரது இடது கால் பேர்பெற்றது.

அவருடைய வழி எளிமையானது, கொடுமையானது. முதலில் இடது உதை விலாவுக்கு. மறுபடி விலாவுக்கு. எதிராளியின் வலது முழங்கை மெல்லக் கீழே இறங்கி விலாவைக் காக்கத் தொடங்கும். அடுத்த உதையும் அதேபோலத்தான் கிளம்பும், இடுப்பு அதேபோலத்தான் திரும்பும். கடைசி நொடியில் கால் கழுத்துக்கு ஏறும். 2003இல் இகோர் வோவ்சான்சின், 2006இல் வாண்டர்லே சில்வா என்று பெரிய பெயர்கள் அந்தக் காலில் விழுந்தன. 2007 ஏப்ரலில் மான்செஸ்டரில் அதே குரோ காப்பைத் தலையில் உதைத்து நினைவிழக்கச் செய்தவர் கேப்ரியல் கொன்சாகா. ஜியுஜிட்சு பிடிகளுக்குப் பேர்போனவர். அவரிடமிருந்து எல்லோரும் எதிர்பார்த்தது பிடியை. கால் வந்தது.

2015 நவம்பரில் மெல்போர்னில் 56,214 பேர் பார்க்க, தோல்வியே அறியாத ரோண்டா ரௌசியை ஹோலி ஹோம் வீழ்த்தியதும் இடது கால் கழுத்தில் இறங்கித்தான். குத்துச்சண்டைச் சாம்பியனாக இருந்தவர் ஹோம். முதல் சுற்று முழுவதும் அவர் கைகளைச் சமாளிப்பதிலேயே ரௌசி களைத்திருந்தார். இரண்டாம் சுற்றில் தடுமாறி எழுந்து திரும்பியபோது அந்தக் கால் வந்தது.

இந்த ஆட்டங்களையெல்லாம் வரிசையாகப் பார்த்தால் உயர உதை தனியாக வென்ற இடம் அரிது என்பது புரியும். அதற்கு முன்னால் குத்தோ, விலா உதையோ, களைப்போ, பயமோ வேலை செய்திருக்கும். டேக்வாண்டோ திடலில் விதி செய்துகொடுக்கும் வேலையை, கூண்டில் வீரரே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. கையை இறக்க வைக்க வேண்டும், கண்ணை வேறு பக்கம் திருப்ப வேண்டும், தலையைத் தான் விரும்பும் இடத்துக்கு வரவழைக்க வேண்டும்.

2022 ஆகஸ்ட் 20, சால்ட் லேக் சிட்டி. யூஎஃப்சி வெல்டர்வெயிட் பட்டத்துக்கான ஆட்டம். சாம்பியன் கமாரு உஸ்மான். எதிரே ஜமைக்காவில் பிறந்து பிரிட்டனில் வளர்ந்த லியான் எட்வர்ட்ஸ். முதல் சுற்றுக்குப் பிறகு எட்வர்ட்ஸ் தேய்ந்துகொண்டே போனார். கடல்மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேல் உள்ள ஊர், மெலிந்த காற்று. நடுவர்கள் மூவரின் கணக்கிலும் அவர் பின்தங்கியிருந்தார். ஐந்தாவது சுற்றில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே மிச்சமிருந்தது.

எட்வர்ட்ஸ் இடது கையால் குத்துவதுபோல் நீட்டினார். அன்றிரவு முழுவதும் அந்தக் கையைத் தட்டிவிட்டுத் தலையை வலப்பக்கம் சாய்த்துத் தப்பிய உஸ்மான், இப்போதும் அதையே செய்தார். கை தட்டுவதற்காக நீண்டது, தலை சாய்ந்து தாழ்ந்தது. குத்துக்குப் பின்னாலேயே கிளம்பியிருந்த இடது கால், தலை எங்கே வரும் என்று கணித்திருந்ததோ அங்கே வந்து நின்றிருந்தது. உஸ்மான் கண் திறந்தபடியே பின்னால் சரிந்தார்.

டென்வரில் டூலியின் தலை தடுமாறித் தாழ்ந்தது. சால்ட் லேக் சிட்டியில் உஸ்மானின் தலையை ஒரு கை அழைத்து வந்தது. இரண்டுக்கும் நடுவில் ஏறத்தாழ இருபத்தொன்பது ஆண்டுகள்.